பல்லு, ஞாயிறு, தீவு

ஏப்ரல் 3

அண்ணாவுக்கு,

போனில் உன் எண்ணைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால்தான் எடுப்பதில்லை. அம்மாவின் போனிலிருந்து கூப்பிடும் புத்திசாலித்தனமும் வேண்டாம், அதையும்தான் பார்த்துவிட்டோமே. ஏதாவது சொல்ல இருந்தால் எழுது. எழுதும்போதாவது உன் கை ஒரு நிதானத்தில் இருக்கும். கடலில் அது இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான். என்னை ஏன் தொட்டாய்?

விதி உனக்குத் தெரியாததல்ல. கடலில் நீந்துகிறவளைப் படகில் இருக்கும் யாரும் தொடக்கூடாது, அவளும் படகைத் தொடக்கூடாது. விரல் பட்டாலே நீச்சல் செல்லாது. அதற்காகத்தானே பாட்டிலைக்கூட நீளக் கம்பில் கட்டி நீட்டினாய்? அந்தக் கம்பை நீயே இழைத்து, பிடியில் துணி சுற்றி, ஏதோ செங்கோல் செய்கிற மாதிரி ஒரு மாதம் உட்கார்ந்து செய்தாய். அப்படிப்பட்டவன், தீவு பக்கத்தில் வந்துவிட்ட நேரத்தில், சட்டையோடு குதித்து என் இடுப்பைப் பிடித்து இழுத்தாய். படகில் ஏற்றியதும் நான் உன்னை மாறி மாறி அடித்தேனாம். படகுக்காரர் சொன்னார். எனக்கு அது நினைவில்லை. ஆனால் அடித்திருந்தால் நல்ல காரியம்தான்.

மூன்று வருடமாக விடிவதற்கு முன்னால் எழுந்து கடலுக்குப் போயிருக்கிறேன். பிறகு நகராட்சி நீச்சல்குளத்துக்குப் போய், ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மூக்கைச் சிந்திவிட்டு நீச்சல் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கல்யாணம், வேறு வேலை, வேறு ஊர் என்று வந்த எல்லாவற்றையும் தள்ளிப்போட்டேன். இந்தக் கரையில் என் அளவுக்கு நீந்துகிறவர் இல்லை என்று நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை, நீச்சல் சங்கத்திலிருந்து நம் படகில் கண்காணிக்க வந்த சங்கத்துக்காரரே சொல்கிறார். அவர் அறிக்கையை வாங்கிப் படித்தேன். 'நீந்தியவர் நல்ல நிலையில் இருந்தார். உதவியாளர் பதற்றத்தில் தொட்டுவிட்டார்.' நீயும் அவரிடம் அதையே சொல்லியிருக்கிறாய்.

சங்கத்துக்குப் புகார் எழுதப் போகிறேன். விசாரிக்கட்டும். காரணமில்லாமல் தொட்டாய் என்று முடிவானால் இந்தப் பருவத்திலேயே எனக்கு மறுபடி முறை கிடைக்கும். அப்போது படகில் உன் இடத்தில் வேறு ஆள் இருப்பார்.

தங்கை


ஏப்ரல் 9

தவளைக்கு,

கடிதம் வந்தது. உன் கையெழுத்து இவ்வளவு மோசம் என்று எனக்குத் தெரியாது.

நீ என்னைத் திட்டுவது நியாயம். அம்மாவும் உன் கட்சிதான். என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டுத் தட்டை மட்டும் நங்கென்று முன்னால் வைக்கிறாள். பக்கத்து வீட்டம்மாவிடம், "என் பொண்ணு கரையேறப் போற நேரத்துல இவன் போய் காலை வாரிட்டான்" என்று எனக்குக் கேட்கிற மாதிரி சொல்கிறாள். பட்டறையிலும் விஷயம் தெரிந்துவிட்டது. பல்செட்டை மெருகு போட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து, "என்னப்பா, யாரையாவது காப்பாத்தப் போறியா?" என்கிறார்கள்.

நான் பயந்துவிட்டேன் என்று சங்கத்துக்காரரிடம் சொன்னது பொய்யில்லை. பயந்தேன். அதோடு விட்டுவிடு.

புகார் மட்டும் வேண்டாம். ஏன் என்று கேட்காதே. இந்தப் பருவம் போனால் அடுத்த பருவம். வேறு ஆளைப் படகில் வைத்துக்கொள்வதானால் வைத்துக்கொள், நான் எதுவும் சொல்ல மாட்டேன். விசாரணை, படகுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்பது என்று எதையும் கிளப்பாதே. உனக்கு நல்லதில்லை.

தோள் வலிக்கு நான் வாங்கிக் கொடுத்த தைலம் தீர்ந்திருந்தால் எழுது.

அண்ணன்


ஏப்ரல் 14

அண்ணாவுக்கு,

தைலம் தீரவில்லை. பொறுமைதான் தீர்ந்துவிட்டது.

'ஏன் என்று கேட்காதே' என்று எழுதுகிறவனிடம் வேறு என்ன கேட்பது? எனக்கு நல்லதில்லையாம். மூன்று வருட உழைப்பைக் கடலில் விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் எனக்கு நல்லதோ?

புகாரை எழுதி வைத்திருக்கிறேன். நீ மறுக்க முடியாத மாதிரிதான் எழுதியிருக்கிறேன், கேள். முதலில் என் கைவீச்சு. காலையில் எப்படி இருந்ததோ கடைசி வரைக்கும் அப்படியே இருந்தது. படகுக்காரர் துறைமுகம் முழுக்க இதைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார்: "அந்தப் பொண்ணு நீந்தினதை நாள் பூரா பார்க்கலாம்." அடுத்தது நம் மூன்று கேள்வி. பாட்டில் கொடுக்கும்போதெல்லாம் எனக்குப் புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க நீயே வைத்த கேள்விகள். உன் பேர் என்ன (பல்செட் செய்கிறவனுக்கு நான் வைத்த 'பல்லு'தான்), இன்றைக்கு என்ன கிழமை, எங்கே போகிறோம். மாதக்கணக்கில் குளத்தில் பழகினோம். கடைசிப் பாட்டிலின்போதும் 'பல்லு, ஞாயிறு, தீவு' என்று டக்கென்று சொன்னேன். ஒரு நொடி தயங்கவில்லை. அப்புறம் கலங்கரை விளக்கம். கடைசி நேரத்தில் மூச்சுக்கு முகத்தைத் திருப்பும்போதெல்லாம் இடப்பக்கம் அது பளிச்சென்று தெரிந்தது, சிவப்பும் வெள்ளையுமாக. அதைப் பார்த்துக்கொண்டேதான் நீந்தினேன். எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவளுக்கு இதெல்லாம் நினைவிருக்குமா?

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. சின்ன வயதில் நம் இரண்டு பேரில் நீதான் நன்றாக நீந்துவாய். நான் தவளை மாதிரி உதைத்துக்கொண்டிருப்பேன். நீ பாதியில் விட்டாய், நான் விடவில்லை. நான் அக்கரை போய்ச் சேருவது உனக்குப் பொறுக்கவில்லையோ என்று இப்போதெல்லாம் தோன்றுகிறது.

இங்கே குளத்தில் ஒரு புது மாணவி. தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் அம்மா, ஐம்பது வயது. தண்ணீர் கணுக்காலுக்கு வந்தாலே என் கையைப் பிடித்து நசுக்கிவிடுகிறார். நேற்று அவர் என்னிடம், "தலை உள்ளே இருக்கும்போது நீ என்னம்மா நினைப்பே?" என்று கேட்டார். சிரித்து மழுப்பிவிட்டேன்.

இந்த மாதக் கடைசி வரை பார்ப்பேன். அப்புறம் புகாரை அனுப்பிவிடுவேன்.

தங்கை


ஏப்ரல் 20

தவளைக்கு,

பொறுக்கவில்லை என்று எழுதியதை மூன்று தடவை படித்தேன். சரி. இனி சொல்லாமல் இருந்து பிரயோஜனம் இல்லை. உட்கார்ந்துகொண்டு படி.

காற்று சரியில்லை என்று சங்கத்தில் தள்ளிப்போட்டார்கள், நினைவிருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை போக வேண்டிய நாம் செவ்வாய்க்கிழமைதான் கிளம்பினோம். காலையில் பாட்டில் கொடுத்தபோதெல்லாம் நீ 'செவ்வாய்' என்று சரியாகத்தான் சொன்னாய். குளத்தில் நாம் பழகியது மட்டும் எப்போதும் ஞாயிற்றுக்கிழமை, எனக்கு அன்றுதான் லீவு. கடைசிப் பாட்டிலின்போது நீ 'ஞாயிறு' என்றாய். அதைவிடப் பெரியது ஒன்று. நான் இன்னும் கேள்வியே கேட்கவில்லை. கம்பை நீட்டிக்கொண்டுதான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. நீ தலையைத் தூக்கி 'பல்லு, ஞாயிறு, தீவு' என்று சொல்லிவிட்டு, பாட்டிலைத் தொடாமலே போய்விட்டாய். படகுக்காரர், "என்ன சுறுசுறுப்பு பாருங்க, கேக்கறதுக்கு முன்னாடியே பதில் வருது" என்றார். நான் விசிலைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

கலங்கரை விளக்கம். நீ இடப்பக்கம் மட்டும்தான் மூச்சு எடுப்பாய், அதனால்தான் படகும் எப்போதும் உன் இடப்பக்கமே வரும். கலங்கரை விளக்கம் இருப்பது தீவின் வலது கோடியில். தீவைப் பார்த்து நீந்துகிற உனக்கு அது இடப்பக்கம் தெரிய வழியே இல்லை. கிளம்பிய கரையைப் பார்த்து நீந்தினால் தெரியும்.

நீ திரும்பிவிட்டாய். பெரிய வட்டமாக, அழகாகத் திரும்பி, வந்த வழியே போனாய். நான் விசில் ஊதினேன், தொண்டை கிழியக் கத்தினேன். படகு உன் வலப்பக்கம் போய்விட்டதால் நீ எங்களைப் பார்க்கவே இல்லை. சுற்றி வந்து உனக்கு முன்னால் படகை நிறுத்தினோம். நீ நேராக அதன்மேல் மோத வந்தாய். அப்போதுதான் குதித்தேன். உன் கண் திறந்துதான் இருந்தது, தவளை. என்னைப் பார்க்கவில்லை. பிடித்த பிறகும் உன் கை சுழன்றது. படகில் குப்புறப் படுக்க வைத்தோம், அங்கேயும் நிற்கவில்லை. பலகையின்மேல் நீந்தினாய். இடப்பக்கம் முகத்தைத் திருப்பி மூச்சு எடுத்து, எடுத்து. என்னை மாறி மாறி அடித்தாய் என்று படகுக்காரர் சொன்னது அதைத்தான். நல்ல மனுஷன், உனக்காக மாற்றிச் சொல்லியிருக்கிறார்.

எப்படி முன்கூட்டியே தெரிந்தது என்று கேட்பாய். என் வேலையால்தான். பல்செட் செய்யும்போது எல்லாப் பல்லையும் வரிசை பிசகாமல் வைத்தால் பார்க்கிறவன் உடனே பொய்ப்பல் என்று கண்டுபிடித்துவிடுவான். அதனால் ஒன்றை லேசாகச் சாய்த்து வைப்போம், ஒன்றின் முனையை இழைத்துவிடுவோம். அன்று மத்தியானம் உன் கைவீச்சில் ஒரு சாய்வுகூட இல்லை. அவ்வளவு நேரம் நீந்தியவளுக்கு எங்காவது வலிக்க வேண்டும், ஒரு கையாவது தாழ வேண்டும். எதுவும் இல்லை. நீச்சல் இருந்தது, நீ இல்லை.

சங்கத்துக்காரர் அந்நேரம் மறுபக்கம் தொங்கிக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது நீ படகில் கிடந்தாய், நான் ஈரமாக நின்றேன். கடலில் நினைவு தப்பியவர்களுக்கு அவர்கள் மறுபடி லேசில் அனுமதி கொடுப்பதில்லை. அதனால் பயந்துபோய்த் தொட்டுவிட்டேன் என்று சொன்னேன். அவரும் எதையும் பார்க்காததால் அதையே எழுதிக்கொண்டார். விசாரணை வந்தால் படகுக்காரர் பொய் சொல்ல மாட்டார். உன் அனுமதி போய்விடும். அதனால்தான் வேண்டாம் என்றேன்.

எனக்கு இப்போது கொஞ்சம் லேசாக இருக்கிறது. உனக்கு இருக்காது. மன்னித்துக்கொள்.

அண்ணன்


மே 11

அண்ணாவுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. முதலில் நீ பொய் சொல்கிறாய் என்று நினைத்தேன். படகுக்காரரைப் போய்ப் பார்த்தேன். அவர் வலையைப் பார்த்தபடியே, "அதை எதுக்கும்மா இப்ப" என்றார். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

கொஞ்ச நாள் தண்ணீரில் இறங்கவில்லை. குளத்தின் ஓரத்தில் நின்றபடியே பாடம் நடத்தினேன். வெட்கமாக இருந்தது. பொறுக்கவில்லையோ என்று உனக்கு எழுதினேனே, அதற்காக இன்னும் வெட்கமாக இருக்கிறது. அதைக் கிழித்துப் போட்டுவிடு.

அப்புறம் ஒரு நாள் குளம் காலியாக இருந்தபோது இறங்கினேன். தபால் நிலைய அம்மா கேட்டதைப் பார்த்துவிடலாம் என்றுதான். தலை உள்ளே இருக்கும்போது நான் என்ன நினைக்கிறேன்? நீந்தி முடித்து எழுந்தேன். எதுவுமே நினைக்கவில்லை, அண்ணா. சம்பளம், சலவைக்குப் போட்ட துணி, உன் கடிதம் என்று மனசு எங்கெங்கோ போய்விட்டது. உடம்பு பாட்டுக்கு வேலையை முடித்துவிட்டுச் சுவரைத் தொட்டிருக்கிறது. இதைத்தான் இத்தனை வருடம் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யோசிக்காமலே வர வேண்டும் என்றுதானே எல்லாரும் சொல்லிக் கொடுக்கிறோம். அந்தம்மா ஒவ்வொரு கையையும் யோசித்து யோசித்துத்தான் போடுகிறார். விகாரமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு கைக்கும் அவர் அங்கே இருக்கிறார்.

புகாரைக் கிழித்துவிட்டேன். அதற்குப் பதிலாகச் சங்கத்துக்கே நேரில் போய், நடந்தது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எனக்கு நினைவு தப்பியது, அண்ணன் சரியான நேரத்தில்தான் தொட்டான், பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டான் என்று. சங்கத்துக்காரர் வாந்தி எடுத்ததைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. அவரே காது சிவந்துபோய் ஒப்புக்கொண்டார்.

அனுமதியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மருத்துவர்கள் பார்க்க வேண்டும், அப்புறம் கரையோரமாகவே ஒரு நீளச் சோதனை நீச்சல். இரண்டிலும் தேறினால் பருவத்தின் கடைசியில் ஒரே ஒரு வாய்ப்பு. தேறாவிட்டால் என் பேரை எடுத்துவிடுவார்கள்.

நான் தேறுவேன். நீ படகில் வர வேண்டும்.

தங்கை


மே 18

தவளைக்கு,

உனக்குப் புத்தி கெட்டுவிட்டதா? நான் அவ்வளவு பேச்சு வாங்கியது எதற்கு? அம்மாவிடம் திட்டு, பட்டறையில் கிண்டல், எல்லாவற்றையும் முழுங்கிக்கொண்டு இருந்தேனே, உன் அனுமதி பிழைக்கட்டும் என்றுதானே. நீ நேராகப் போய் அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய். நான் செய்தது சரி என்று அறிக்கையில் திருத்தியதால் எனக்கு என்ன லாபம்? அம்மா பேச ஆரம்பித்துவிட்டாள், அது ஒன்றுதான். அதுவும் இப்போது நிறுத்த மாட்டேன் என்கிறாள்.

நான் வர மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை, என்னால் முடியாது. பல்லை இழைத்துக்கொண்டு இருப்பேன், திடீரென்று உன் கை பலகையில் சுழன்றது ஞாபகம் வரும். போன வாரம் ஒரு கிழவருக்குச் செய்த மேல்வரிசையை இரண்டு தடவை பாழாக்கினேன். என் முதலாளி, கண்ணை டாக்டரிடம் காட்டு என்கிறார். கண்ணில் என்ன கோளாறு? பார்த்ததுதான் கோளாறு.

நீ நன்றாக நீந்துகிறாய். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, எனக்கும் இல்லை. அது போதாதா? தீவைத் தொட்டால்தான் ஆச்சா? குளத்துப் பிள்ளைகள் போதும் என்று இருக்கக் கூடாதா? நீ அங்கே செத்திருந்தால் அம்மாவிடம் போய் நான் என்ன சொல்லியிருப்பேன்?

அண்ணன்


ஜூன் 2

அண்ணாவுக்கு,

நீ கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். போதாது.

நன்றாக நீந்துகிறவள் என்று ஊர் சொல்லும்போது முன்பு குளிர்ந்துபோவேன். இப்போது குத்துகிறது. ஊர் பார்த்தது நான் இல்லாமல் நடந்த நீச்சலை. அதைப் பார்த்துத்தான் படகுக்காரர் நாள் பூரா பார்க்கலாம் என்றார். நான் இருந்து நீந்தி, அக்கரை போனேனா இல்லையா என்று எனக்கே தெரிய வேண்டும். போக முடியாவிட்டால் அதுவும் நான் இருக்கும்போது தெரியட்டும்.

வேறு ஆளைப் படகில் வைத்துக்கொள் என்று முதலில் எழுதினாய். யாரை வைப்பது? சங்கத்தில் இரண்டு பேர் வருகிறேன் என்றார்கள். நல்ல பயிற்சியாளர்கள். அவர்களைக் கரையில் நிற்க வைத்து நீந்திக் காட்டினேன். "பிரமாதம்" என்றார்கள். பிரமாதம் என்கிற ஆள் எனக்கு எதற்கு? அன்று எல்லாரும் அழகான நீச்சலைப் பார்த்தார்கள், உள்ளே ஆள் இல்லை என்று பார்த்தவன் நீ ஒருத்தன். நீ ஏதோ பாதியில் விட்டவன் என்று எழுதினேன். நீ விட்டது நீச்சலை. என்னைப் பார்ப்பதை விடவில்லை, சின்ன வயதிலிருந்து. அதில் உன் அளவுக்குத் தேர்ந்தவர் யாரும் இல்லை. அந்த வேலை உனக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

இன்னும் ஒன்று. நாம் செய்த தப்பு எது தெரியுமா? கேள்விக்குப் பதிலைப் பழகினோம். கைவீச்சைப் பழகுகிற மாதிரியே அதையும் பழகினோம். பழகியது எல்லாம் நான் இல்லாமலே நடக்கும் என்று இப்போது தெரிந்துவிட்டது. இந்தத் தடவை பழக வேண்டாம். என்ன கேட்பாய் என்று எனக்குச் சொல்லாதே. உன் வாய்க்கு வந்ததைக் கேள். நான் யோசித்துச் சொல்கிறேன்.

வலப்பக்கமும் மூச்சு எடுக்கக் கற்றுக்கொள்கிறேன். முப்பத்தாறு வயதில். தண்ணீரைக் குடிக்கிறேன், இருமுகிறேன், கோணல்மாணலாகப் போகிறேன். தபால் நிலைய அம்மா பக்கத்து வரிசையில் சுவரைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார். அவர் இப்போது மிதக்கிறார், சொல்ல மறந்துவிட்டேனே. முதல் தடவை மிதந்தபோது, "ஐயோ, என்னை யாரும் பிடிக்கலியே" என்றார். பயந்துபோய்ச் சொன்னாரா, சந்தோஷத்தில் சொன்னாரா என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

மருத்துவர்கள் பார்த்துவிட்டார்கள். குளிரும் களைப்பும் சேர்ந்து வந்தது, வேறு நோய் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். சோதனை நீச்சல் அடுத்த மாதம். அதை உன்னைத் தொந்தரவு செய்யாமல் முடித்துக்கொள்கிறேன். கடலுக்கு நீ வா.

நீ வராவிட்டால் போக மாட்டேன். மிரட்டல் என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

தங்கை


ஜூன் 10

தவளைக்கு,

மிரட்டல்தான். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "நீ போகலேன்னா அவ வேற யாரையாவது கூட்டிட்டுப் போவா. அப்ப உன்னால இங்க உக்கார முடியுமா?" என்றாள். முடியாது. நான் வராவிட்டாலும் நீ போகத்தான் போவாய் என்று நம் மூன்று பேருக்கும் தெரியும்.

வருகிறேன். நான் தொட்டால் தொட்டதுதான். ஏன் என்று கேட்கக் கூடாது, அன்றும் கேட்கக் கூடாது, அப்புறம் கடிதத்திலும் கேட்கக் கூடாது. கரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் சரி. இதற்குச் சம்மதம் என்று உன் கைப்பட எழுதி அனுப்பு. படிக்கிற மாதிரி எழுது.

கம்பின் பிடியில் துணி நைந்துவிட்டது. மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன்


ஜூன் 15

அண்ணாவுக்கு,

சம்மதம்.

தங்கை


செப்டம்பர் 26

அண்ணாவுக்கு,

நேற்று நீ பஸ் ஏறும்போது சரியாகப் பேசக்கூட முடியவில்லை. நாக்கு உப்பில் வீங்கிக் கிடந்தது. நீயும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய், அழுகிறாய் என்று எனக்குத் தெரியாதாக்கும். படகிலிருந்து நீ பார்த்தது உனக்குத் தெரியும். உள்ளேயிருந்து எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். இப்போதும் போனில் சொல்ல வரவில்லை, எழுதித்தான் பழக்கமாகிவிட்டது.

என் வாழ்க்கையில் இவ்வளவு அசிங்கமாக நான் நீந்தியதே இல்லை. இரண்டு பக்கமும் மூச்சு எடுத்ததால் ஒரு தடவை உன் முகம் தெரியும், மறு தடவை வெறும் கடல். வெறும் கடல் தெரிகிற பக்கம் பயமாகவே இருந்தது, கடைசி வரைக்கும் பழகவில்லை. இடது தோள் பாதியிலேயே தொங்கிவிட்டது. நீ கேட்ட கேள்விகளுக்கு உன்னைக் கொல்லலாம் போல இருந்தது. நடுக்கடலில், உடம்பு விறைத்துக் கிடக்கும்போது, "நம்ம பழைய வீட்டு மாடிப்படி எந்தப் பக்கம் திரும்பும்?" என்று கேட்கிறாய். மனசுக்குள்ளேயே அந்த வீட்டுக்குப் போய், கதவைத் திறந்து, படியேறிப் பார்த்துவிட்டுத்தான் இடப்பக்கம் என்று சொன்னேன். சொல்லிவிட்டு அடுத்த பாட்டில் வரைக்கும் திட்டிக்கொண்டே நீந்தினேன். திட்டுவதற்காவது நான் அங்கே இருக்க வேண்டியிருந்தது.

அப்புறம் அந்த இடம் வந்தது. போன தடவை நீ குதித்த இடம்தான் என்று நினைக்கிறேன். வலி நின்றுபோனது. தோள் தானாகச் சரியானது. கை நீளமாக, லேசாகப் போய்க்கொண்டே இருந்தது. எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? இவ்வளவு நாள் இதற்காகத்தான் உழைத்தேன் என்றுகூட நினைத்தேன். குளிர் இல்லை, தீவு இல்லை, படகு இல்லை. இப்படியே விட்டுவிடலாம் என்று இருந்தது.

அந்த நேரத்தில்தான் உன் விசில். நிமிர்ந்தேன். நீ கம்பை நீட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு, மெதுவாக, "அம்மா வீட்டுல போடற செருப்பு என்ன நிறம்?" என்றாய்.

வாயில் ஏதோ ஒரு பதில் தயாராக இருந்தது. பல்லு என்றோ தீவு என்றோ. அதை விழுங்கினேன். செருப்பைத் தேடினேன். வீட்டு வாசல் தெரிந்தது, அம்மாவின் கால் தெரிந்தது, பாதத்துக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. எவ்வளவு தேடியும் தெரியவில்லை. நீ படகு விளிம்பில் ஒரு காலை வைத்துவிட்டாய். சட்டைப் பொத்தானை அவிழ்த்துக்கொண்டிருந்தாய். நான் பார்த்தேன்.

"தெரியல" என்றேன். "நெஜமாவே தெரியல."

நீ அப்படியே உட்கார்ந்துவிட்டாய். சிரிக்கிறாயா அழுகிறாயா என்று எனக்கு விளங்கவில்லை. சங்கத்துக்காரர், பாவம், இந்தத் தடவை கயிற்றைப் பிடித்துக்கொண்டு கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தவர், "தப்பான பதிலா?" என்று உன்னைக் கேட்டார். நீ இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு என்னைப் பார்த்து, "போ" என்றாய். போனேன். வலி மொத்தமும் திரும்பி வந்துவிட்டது. கரை வரைக்கும் என்னோடு வந்தது அதுதான்.

பாறையில் ஏறும்போது முழங்கால் இரண்டும் கிழிந்தது. போன தடவை போயிருந்தால் ஆகியிருக்கும் நேரத்தைவிட ரொம்ப அதிகம். சங்கத்துக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "போன தடவை என்ன அழகா நீந்தினீங்க" என்றார், மனசு கேட்காமல். எனக்குக் கோபமே வரவில்லை. அண்ணா, நான் நீந்திவிட்டேன். ஒவ்வொரு கையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. சந்தோஷமாக இருக்கிறது, வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

இன்று குளத்துக்குப் போனேன், கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல். தபால் நிலைய அம்மா ஆழப் பக்கம் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். செருப்பு என்ன நிறம்?

தங்கை


அக்டோபர் 1

தவளைக்கு,

எனக்கும் தெரியாது. தெரியாமல்தான் கேட்டேன். பதில் தெரிந்த கேள்வி என்றால் நீ சொல்வது சரியா தப்பா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். தெரியாததைக் கேட்டால் உன் முகத்தைத் தவிரப் பார்ப்பதற்கு எனக்கு வேறு ஒன்றும் இல்லை. நீ தேடினாய். தேடுகிறது நன்றாகத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் குதித்திருப்பேன், சம்மதக் கடிதம் என் பையில்தான் இருந்தது.

மேல்வரிசையை இரண்டு தடவை பாழாக்கினேனே, அந்தக் கிழவர் ஒருவழியாகப் பட்டறைக்கு வந்து பல்செட்டை மாட்டிப் பார்த்தார். கடித்தார், சிரித்தார், போய்விட்டார்.

உன் கடிதம் வந்ததும் வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். ஒன்று நீலம். ஒன்று பச்சை. ஒரே கடை, ஒரே அளவு, வேறு வேறு ஜோடி. எப்போதிலிருந்து இப்படி என்று அம்மாவிடம் கேட்டேன்.

"ரெண்டு வருஷமா," என்றாள். "யாராவது பார்க்கறீங்களான்னு நானும் பார்த்துட்டுத்தான் இருக்கேன்."

சாயங்காலம் செருப்புக் கடைக்குப் போகிறோம். நிறத்தை அவளே சொல்வாளாம், என்னை வாயைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அண்ணன்